படிஞ்ஞாறு எந்தத் திசை?

கே: தாத்தாவின் தகரப் பெட்டியில் சங்கு முத்திரை போட்ட பிரமாணம் ஒன்று கிடைத்தது. முழுக்க மலையாளக் கையெழுத்து. வீட்டில் யாருக்கும் அந்த மொழி தெரியாது. எங்கள் முன்னோர் மலையாளிகளா? (தக்கலை)

ப: சங்கு, திருவிதாங்கூர் அரசின் முத்திரை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாவும் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதுவரை அரசுக் கச்சேரிகளில் பெரும்பாலும் மலையாளம்தான். வீட்டில் தமிழ் பேசிய பலரும் நில ஆதாரத்தை மலையாளத்தில் எழுதி வாங்கினார்கள். ஆகவே உங்கள் தாத்தாவைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் "யாருக்கும் தெரியாது" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். வஸ்து, கரம், ஒற்றி, புரையிடம், விளாகம் எல்லாம் அவர் காதுக்குப் பழகிய சொற்கள். கொஞ்ச நாள் முன்பு ஒரு வீட்டில் பேரன் எல்லை விவரத்தை எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தான். 'படிஞ்ஞாறு' என்ற இடத்தில் நின்றுவிட்டான். அகராதியைத் தேடப் போனவனை அடுக்களையிலிருந்தே பாட்டி நிறுத்தினார்: "மேக்கு, மக்கா. பொழுது படுற பக்கம்." படுஞாயிறுதான் படிஞ்ஞாறு. அடுத்த அரை மணி நேரத்தில் தோப்பின் நான்கு எல்லையும் தெளிந்தன. கூடவே, மேற்கு எல்லையில் இருந்த தோப்பு பாட்டியின் பெரியம்மா வீட்டுடையது என்பதும் தெரியவந்தது.

கே: போனில் மலையாளம் படித்தேன். பஸ் பலகை எல்லாம் வாசிக்கிறேன். ஆதாரம் மட்டும் மசியவில்லையே? (மார்த்தாண்டம்)

ப: நீங்கள் படித்தது 1971-இல் சீர்திருத்திய லிபி. அதற்கு முன் உகர, ஊகாரக் குறிகள் மெய்யோடு ஒட்டியே கிடந்தன, கூட்டெழுத்துகளும் ஏராளம். பழைய லிபியில் அச்சான புத்தகம் ஒன்றை முதலில் ஒரு மாதம் படியுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு. எழுத்தருக்கு எழுத்தர் கை மாறும் என்பதால், ஆதாரத்தில் உங்களுக்கு முன்பே தெரிந்த ஊர்ப்பெயரை, வீட்டுப்பெயரைக் கண்டுபிடித்து, அவர் 'க'வை எப்படிச் சுழிக்கிறார், 'ன'வை எப்படி முடிக்கிறார் என்று ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் அரிச்சுவடி.

கே: 1085 கும்பம் 12 என்று தேதி இருக்கிறது. அது சோழர் காலமல்லவா? (பூதப்பாண்டி)

ப: கொல்லம் ஆண்டு. அது ஆவணியில், அதாவது சிங்க மாதத்தில் பிறக்கும். சிங்கம் முதல் டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள். ஜனவரி முதல் கர்க்கடகம் முடிய 825. கும்பம் நம் மாசி, ஆகவே உங்கள் தேதி 1910 பிப்ரவரி கடைசி. கணக்கு சரியா என்று பார்க்க ஒரு தேதியை மனதில் வையுங்கள்: திருவிதாங்கூர் கோவில் நுழைவுப் பிரகடனம் 1112 துலாம் 27, அதாவது 1936 நவம்பர் 12.

கே: பூட்டனாருக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். பத்திரத்திலோ எல்லாம் மருமகன் பெயரில். மகன்கள் என்ன தப்புச் செய்தார்கள்? (சுசீந்திரம்)

ப: ஒரு தப்பும் செய்யவில்லை. இங்கே மருமகன் என்றால் மகளின் கணவர் என்று எண்ணிவிடக் கூடாது, சகோதரியின் மகன். நாஞ்சில்நாட்டு வேளாளரிடம் இருந்த மருமக்கள்வழி அது. குடும்பத்துக்குத் தலைவர் காரணவர், அவருக்குப் பின் வருபவர் அனந்திரவர். மக்களுக்கென்று கொடுத்த பங்குக்கு உகந்துடைமை என்று பெயர். அந்தச் சொல் தென்படுகிறதா பாருங்கள், உங்கள் தாத்தா பெயர் அங்கே இருக்கக்கூடும். இந்த முறையால் பெண்களும் பிள்ளைகளும் பட்ட பாட்டைத்தான் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'மருமக்கள்வழி மான்மியம்' ஆக்கினார். 1926-இல் இந்த முறையை மாற்றச் சட்டம் வந்தது. அதற்கு முந்திய வம்சாவளியை அப்பா, தாத்தா என்று ஏறினால் பாதியில் முட்டும். அம்மா, அவள் அம்மா, அவளுடைய அண்ணன் என்று ஏறுங்கள்.

கே: ஞானஸ்நானப் புத்தகம் லத்தீனில். பாட்டனார் சந்தியாகு பெயரே இல்லை! (குளச்சல்)

ப: இருக்கிறார், யாக்கோபுஸ் என்ற பெயரில். சந்தியாகு என்பது போர்த்துகீசியர் வழியே வந்த உச்சரிப்பு. அவரே தமிழில் யாகப்பன். இதேபோல ராயப்பன் பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ். இன்னொன்று: லத்தீனிலும் நம்மைப் போல வேற்றுமை உண்டு. 'யாக்கோபி' என்று கண்டால் 'யாக்கோபுடைய' என்று பொருள். முன்னால் 'பிலியுஸ்' இருந்தால் மகன், 'பிலியா' என்றால் மகள். நட்டாலம் நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் பெற்ற பெயர் லாசர். அதன் பொருளைத் தமிழில் சொன்னதுதான் தேவசகாயம். பெயர் இப்படி மொழிக்கு மொழி உடை மாற்றும்.

கே: மயிலாடிச் சபைப் பழங்கடிதங்கள் எங்கே கிடைக்கும்? (மயிலாடி)

ப: லண்டன் மிஷன் ஊழியர் ரிங்கல்தௌபே 1806-இல் உங்கள் ஊருக்கு வந்தவர். அந்த மிஷனின் கடிதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன. மொழி ஆங்கிலம்தான், நம் ஊர்ப்பெயர்களைத்தான் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

கே: பரணில் ஓலைக்கட்டு. எண்ணெய் பூசிச் சுத்தம் செய்யலாமா? (அழகியபாண்டியபுரம்)

ப: கை வைக்காதீர்கள்! முதலில் சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு ஏட்டையும் வரிசை மாறாமல் படம் எடுங்கள். உங்கள் ஊர் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேடிப் படித்ததாலும், பிறகு ஆய்வாளர் அ.கா. பெருமாள் பதிப்பித்ததாலும்தான் நாஞ்சில் நாட்டின் பழைய கதை நமக்கு இவ்வளவு தெரிகிறது. ஓலையில் புள்ளி இருக்காது. ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, மேற்படிக்கு ௸ என்று குறிகள் இருக்கும். எழுத்து வட்டெழுத்தாகவோ மலையாண்மையாகவோ தெரிந்தால் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில் விசாரியுங்கள்.

கே: அத்தைக்கு எண்பத்துநான்கு வயது. விளவங்கோட்டில் மலையாளப் பள்ளியில் படித்தவர். ஆனால் இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. ஆதாரத்தை எப்படி வாசிக்க வைப்பது? (கருங்கல்)

ப: ஆதாரத்தைப் படமெடுத்து, போனில் ஒரு வரி திரை முழுக்க வரும்படி பெரிதாக்கிக் காட்டுங்கள். அதுவும் முடியாவிட்டால் எழுத்தின் வடிவத்தை அவர் உள்ளங்கையில் விரலால் எழுதுங்கள், சொல்லிவிடுவார். பக்கத்தில் இன்னொரு போன் பதிவு செய்துகொண்டே இருக்கட்டும். தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள்.