சான் துரோப்பே அண்ணர்

பாரிஸ் லாச்சப்பலில் இவரைத் தேடித் திரிய வேண்டியதில்லை. இரண்டாம் இலக்க மெத்ரோ தலைக்கு மேலே தடதடத்துப் போகும் பாலத்தடியில் இறங்கி, ஃபோபூர் சான் தெனி வீதியில் நாலு கடை தள்ளி நடந்தால் போதும். ஏதோ ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில், கையில் கடித்த வடையோடு, "கரோலின் செய்தது பெரிய பிழை" என்று ஒருவர் நியாயம் பேசிக்கொண்டு நிற்பார். எந்த ஊர்க் கரோலின் என்று பதறாதீர்கள். அவள் தொலைக்காட்சிக் கரோலின்.

1996 முதல் 2008 வரை டிஎஃப்1 தொலைக்காட்சியில் 'சூ லு சொலெய்' என்றொரு தொடர் ஓடியது. வெய்யிலின் கீழே என்று பொருள். பணக்காரர் வெய்யில் காயும் சான் துரோப்பே கடற்கரை. லோர், கரோலின், ஜெசிக்கா என்று மூன்று தோழிகள். காதல், படகு, துரோகம், திரும்பவும் படகு. மொத்தம் 480 அத்தியாயம். உணவகத்தில் கோப்பை கழுவும் அண்ணருக்குப் பிரெஞ்சு வாத்தியார் இந்தத் தொடர்தான். எழுபது கோப்பைக்கு நடுவே வேறு யார் வந்து சொல்லித்தரப் போகிறார்கள்?

ஆகவே அண்ணரின் பிரெஞ்சில் உருளைக்கிழங்குக்குச் சொல் இல்லை. கண்ணீருக்கு ஏழு சொல் உண்டு. முழுசாகப் பாடமான வசனங்கள் மூன்று: "எல்லாவற்றையும் உனக்கு விளக்குகிறேன்", "நீ என்னை ஏமாற்றிவிட்டாய்", "உன்னை ஒருநாளும் மன்னிக்கமாட்டேன்". காதலர் பேச்சு என்பதால் எல்லாமே 'தூ', அதாவது 'நீ'. 'வூ' என்ற மரியாதைச் சொல் அவர் காதில் விழவேயில்லை. விசா அலுவலகக் கவுன்ரரில் கண்ணாடி போட்ட அம்மாவிடம் முதலாவது வசனத்தை நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். அந்த அம்மா அரை நிமிடம் பேசவில்லை. சம்பளத்தில் இரண்டு மணித்தியாலத்தை விழுங்கிய முதலாளியிடம் இரண்டாவதைச் சொன்னார். முதலாளிக்குக் கண் கலங்கியதாக அண்ணரே சொல்கிறார். காசு வந்ததாகச் சொல்லவில்லை.

மகள் வளர்ந்ததும் வீட்டில் கடல் மாறியது. அமெரிக்காவில் 'தி ஓ.சி.' என்ற பெயரில் 2003 முதல் 2007 வரை ஓடிய தொடர், பிரான்சில் 'நியூபோர்ட் பீச்'. சீனோ என்ற ஏழை ஊர்ப் பொடியன் ரயன் கார்க் களவில் பிடிபட, அரசாங்கம் அவனுக்கு அமர்த்திய வக்கீல் சாண்டி கோயன் அவனைத் தன் மாளிகைக்கே கூட்டிவந்து நீச்சல்குளத்து அறையில் தங்கவைக்கிறார். அண்ணர் எழும்பி நின்றுவிட்டார்.

"வழக்குக்கு வந்தவனை வக்கீல் வீட்டில வைச்சிருக்கிறாரோ? வாடகையும் இல்லையோ? என்ர கேஸ் எழுதினவர் பேனை மை முடிஞ்சதுக்கும் காசு எடுத்தவர்!"

"அப்பா, அது கதை."

"கதையெண்டாலும் ஒரு நியாயம் வேணும், பிள்ளை."

பிறகு அந்த அறையைக் கண்ணால் அளந்தார். எட்டு மெத்தை போடலாம். வாசலில் ஒருவர் சுருண்டு படுத்தால் ஒன்பது.

பொய்க்கதை என்று திட்டித் திட்டியே 92 அத்தியாயமும் பார்த்து முடித்தார். மூன்றாம் பருவ முடிவில் நாயகி மரிசா கார் விபத்தில் செத்த அன்று வீட்டில் இறைச்சி வேண்டாமென்றார். "வெள்ளிக்கிழமையெல்லே" என்று காரணமும் சொன்னார். மகள் கலண்டரைப் பார்த்தாள். செவ்வாய்.

2015இல் எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்த 'தீபன்' படம் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை வென்றபோது, கடைத்தெரு முழுக்க விருதைப் பற்றியே பேச்சு. அண்ணர் கேட்டது ஒன்றுதான்: "கானிலயிருந்து சான் துரோப்பே எவ்வளவு தூரம்?"

கடைசியில் போயே விட்டார். அந்த ஊருக்கு ரயில் கிடையாது. வாடகை வானில் ஒன்பது பேர், புட்டு, கோழிக்கறி. வெள்ளைப் படகுகள் வரிசையாக நின்றன. காற்சட்டையை மடித்துத் தண்ணீரில் இறங்கியவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"அலையே இல்லை. எங்கட பரவைக்கடல் மாதிரிக் கிடக்கு."

பிறகு மீன் விற்குமிடம் தேடிப்போய்க் கணவாய் விலை கேட்டார். மீன்காரர் சொன்னார். அண்ணர் கணவாயைப் பார்த்தார், மீன்காரரைப் பார்த்தார், இருபது வருடமாக வாயில் வைத்திருந்த மூன்றாவது வசனத்தைச் சொன்னார்.