ஐரோப்பா போகப்போகிற மாஸ்டர்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் ஊருக்கு ஒருவர் இந்த மாஸ்டரைப் போல உண்டு. ஏடிடி 36, ஏடிடி 43 என்று நெல்லுக்கு எண் போட்டு வெளியிடும் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் இந்த ரகத்துக்கு மட்டும் இன்னும் எண் கொடுக்கவில்லை. எந்தப் பட்டத்தில் விதைத்தாலும் அறுவடை அடுத்த வருஷம்தான்.

திருவிடைமருதூர் ரகம், ஒரு மருந்துக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறது. போர்டின் அடியில் 'பிசினஸ் இங்கிலீஷும் கற்றுத்தரப்படும்' என்று வேறு கலரில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது. ஐரோப்பாவில் கம்பெனிக்காரர்களுக்கு அந்த இங்கிலீஷைச் சொல்லிக்கொடுக்கும் உத்தியோகத்துக்கு மாஸ்டர் கிளம்பப்போகிறார். எப்போது என்று கேட்டால், "மேட்டூர் திறக்கட்டும்" என்பார். அணை திறக்கும் ஜூன் 12 வந்து போகும். பிறகு குறுவை அறுப்பு, அப்புறம் சம்பா நடவு. அதுவும் முடிந்தால் தைப்பூசம் வந்துவிடும். பூசத்தன்று ஊர் மகாலிங்கசுவாமியை விட்டுவிட்டு ஒரு மனுஷன் பிளேன் ஏறுவானா?

வகுப்புக்கு வருகிறவர்கள் திருபுவனத்துப் பட்டுக்கடைப் பையன்கள், நர்சிங் முடித்த பெண்கள். மாஸ்டரின் முதல் பாடமே 'ரெஸ்பெக்டட் சா'ருக்குத் தடை. "'ஐ பெக் டு ஸ்டேட்', 'டூ தி நீட்ஃபுல்' எல்லாம் தாசில்தாருக்கு எழுதற இங்கிலீஷ்டா. ஐரோப்பாக்காரன் ஒரு வரியில முடிச்சிடுவான்."

அவர் ஒரு மொழிப்பள்ளிக்கு அனுப்பிய விண்ணப்பத்தை என்னிடம் காட்டினார். மூன்று பக்கம். 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி, வலங்கைமானில் பிறந்து ஆங்கிலப் பேச்சால் உலகையே அசத்திய சீனிவாச சாஸ்திரியின் மண்ணுக்குப் பக்கத்து மண் தம்முடையது என்று ஒரு பத்தி எழுதி, 'கைண்ட்லி டூ தி நீட்ஃபு'லில் வந்து நின்றிருந்தது. (இங்கிலீஷ் தாளில் தேறாமல் கும்பகோணம் காலேஜில் உதவித்தொகையை இழந்த ராமானுஜனைப் பற்றி விண்ணப்பத்தில் பேச்சே இல்லை. அவர் ஃபெயிலான பையன்களின் அப்பாக்களைச் சமாதானப்படுத்துவதற்காக ஒதுக்கப்பட்டவர்.) பள்ளியிலிருந்து பதில் வந்தது: நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும். ஐரோப்பாக்காரன் ஒரு வரியில் முடிப்பான் என்று மாஸ்டர் சொன்னது சரியாகப் போயிற்று.

இந்த விஷயத்தில் நான் மாஸ்டர் கட்சி. இத்தாலிக்காரன் விற்கிறான், போலந்துக்காரன் வாங்குகிறான். நடுவில் ஓடுகிற இங்கிலீஷ் இரண்டு பேர் வீட்டுச் சொத்தும் இல்லை. அதைச் சொல்லித்தர, வழுக்கி விழுந்து எழுந்து கற்றவனைவிடப் பொருத்தமானவன் யார்? ஆனால் வேலை கொடுக்கிறவர்கள் பாஸ்போர்ட்டின் நிறத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

அதனால்தான் 2016இல் பிரெக்சிட் ஓட்டு முடிவு வந்த அன்று மாஸ்டர் டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டிகிரி காப்பி வாங்கிக் கொடுத்தார். வெள்ளைக்கார வாத்தியார்கள் வெளியேறினால் காலியிடம் விழும் என்று கணக்கு. 2021 முதல் பிரிட்டிஷ்காரர்களுக்கும் அங்கே வேலை பார்க்க விசா தேவைப்பட்டது வாஸ்தவம். ஆனால் அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருந்துவிட்டது. "இந்த அயர்லாந்துக்காரன் கணக்குல வரல சார்" என்றார்.

அயர்லாந்து என்றதும் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் வந்துவிடுவார். மாஸ்டருக்கு அவர் ஆறுதல் தெய்வம். 1904இல், 22 வயதில், சூரிச்சில் பெர்லிட்ஸ் மொழிப்பள்ளி வேலை காத்திருக்கிறது என்று நம்பிப் போனார் ஜாய்ஸ்; போனால் அங்கே இடமே இல்லை. திரியெஸ்துக்குப் போகச் சொன்னார்கள், அங்கேயும் இல்லை. கடைசியில் போலா துறைமுகத்தில் ஆஸ்திரியக் கடற்படை அதிகாரிகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். பிறகு திரியெஸ்தில் அவரிடம் படித்த ஒருவர் கப்பலுக்கு அடிக்கும் பெயிண்ட் கம்பெனிக்காரர். லண்டன் வியாபாரத்துக்காக இங்கிலீஷ் தேவைப்பட்டது. அவர்தான் இதாலோ ஸ்வேவோ என்ற பெயரில் நாவல் எழுதியவர். "பிசினஸ் இங்கிலீஷ் அப்பவே இருந்திருக்கு பாருங்க" என்பார் மாஸ்டர். ஜாய்ஸ் எழுதிய எதையும் அவர் படித்ததில்லை.

ஒருமுறை பிராகாவிலிருந்து வேறொரு பள்ளி ஆன்லைனில் மாதிரி வகுப்புக்குக் கூப்பிட்டது. தலைப்பு, விலை பேசுவது. எதிரில் இருந்தவர் இயந்திரம் விற்பவராக நடித்துப் பத்தாயிரம் யூரோ என்றார். மாஸ்டர் முகத்தைச் சுளித்து, "ஃபோர் தவுசண்ட், ஃபைனல்" என்று சொல்லிவிட்டு, நோட்டை மூடிக்கொண்டு எழுந்து கேமராவை விட்டு வெளியே போய்விட்டார். கும்பகோணம் பாத்திரக்கடையில் இரண்டாவது படி இறங்குவதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். பிராகாக்காரர்கள் கொஞ்ச நேரம் காலி நாற்காலியைப் பார்த்திருந்துவிட்டு வகுப்பை மூடிவிட்டார்கள்.

இப்போது ஜெர்மனி. வேலை தேடுவதற்கே விசா கொடுக்கும் 'வாய்ப்பு அட்டை'யை 2024 ஜூனில் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆறு புள்ளி வேண்டும். ஒரு வருஷச் செலவுக்கு 12,000 யூரோவுக்கு மேல் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். மாஸ்டர் வாசிக்க, வீட்டம்மா காலண்டர் தாளின் பின்புறம் கூட்டினார். வயசு 35க்குள் என்றால் இரண்டு, 40க்குள் என்றால் ஒன்று. மாஸ்டருக்குச் சைபர். நல்ல இங்கிலீஷுக்கு ஒன்று, நல்ல ஜெர்மனுக்கு மூன்று.

"என்னங்க, உங்க இங்கிலீஷுக்கு அங்க ஒரு மார்க்குதானா?"

மறுநாளே ஜெர்மன் படிக்கத் தொடங்கிவிட்டார். சொல்லித்தருவது அவரிடமே இங்கிலீஷ் படித்துவிட்டு, பிறகு ஜெர்மன் தேறி, இன்று அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பெண். வாரக்கடைசியில் வீடியோவில் வகுப்பு. வயர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் மாஸ்டர்.

"சார், போன வாரம் குடுத்த ஹோம்வொர்க்?"

"கரண்ட் இல்லம்மா" என்றார்.

"இதைச் சொன்னதுக்குத்தான் என்னை ஒருநாள் முழுக்க மாடிப்படியில நிக்க வெச்சீங்க சார்" என்றது அந்தப் பெண்.