திருச்சியில் ஒரு ஹீட்டர்

அலாஸ்காவில் பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் கூண்டு கட்டித் தூங்குபவர்களுக்கு டீசல் ஹீட்டர்தான் குலதெய்வம். ஜெர்மனியின் வெபாஸ்டோ, எபர்ஸ்பேஷர் நிறுவனங்கள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவை. டாங்கிலிருந்து டீசலைச் சொட்டுச் சொட்டாகக் குடித்து, 12 வோல்ட் பேட்டரியில் விசிறியைச் சுழற்றி, சூட்டை உள்ளேயும் புகையை வெளியேயும் அனுப்பும் சின்னப் பெட்டி அது.

திருச்சியில் இதே வசதி இலவசம். அக்கினி நட்சத்திரத்தில் காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு 'சின்ன யானை' சரக்கு வண்டியை வெயிலில் நிறுத்தினால் போதும். டீசல் வேண்டாம், பேட்டரி வேண்டாம். அணைக்க சுவிட்ச்தான் இல்லை.

மார்கழி வந்தால் கதை வேறு. வெப்பமானி 20 டிகிரியை நெருங்குவதற்குள் ஸ்ரீரங்கத்து சித்திரை வீதிகளில் குரங்குக் குல்லாய்கள் முளைத்துவிடும். "என்ன மாமா, பனி ஜாஸ்தியா இருக்கே!" அதே 20 டிகிரியில் அலாஸ்காக்காரர் சட்டையைக் கழற்றுவார். கைசிக ஏகாதசியன்று நம்பெருமாளுக்கு 365 வஸ்திரம் சாற்றும் ஊர் இது; பக்தர் ஒரே ஒரு மஃப்ளரோடு நிற்பது சிக்கனம்தான்.

ஜனவரியில் உறைபனி படியும் ஊட்டிக்கு வண்டியோடு போகிறவருக்கு ஹீட்டர் நியாயமே. பணம் மிச்சம் என்று கரியடுப்பை உள்ளே வைத்து கதவைச் சாத்தினால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு நேரே பரமபத வாசலைத் திறந்துவிடும், வைகுண்ட ஏகாதசிக்குக் காத்திராமல்.

கூண்டு கட்டுவதற்கு முன் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவையும் படிக்க வேண்டும். பதிவுச் சான்றுக்கு முரணாக வண்டியை மாற்றினால், சூடு பறக்கும் பேச்சுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பஞ்சமிருக்காது.