தூரோடு

1980-களில் எங்கள் வீட்டில் மரம் வெட்டும் கருவியைத் தேர்ந்தெடுக்கும் பிரச்சினையே எழுந்ததில்லை. இருந்தது ஒரே கோடாரி. அதுவும் பக்கத்து வீட்டில் இருக்கும்.

முதுகுளத்தூர் பக்கம் ரெண்டரை ஏக்கர் மானாவாரி எங்களுக்கு. ரெண்டு வருஷம் உழாமல் போட்டால் போதும், வேலிக்காத்தான் பட்டா கேட்க ஆரம்பித்துவிடும். புத்தகத்தில் அதற்குப் பெயர் சீமைக்கருவேலம். விமானத்தில் விதை தூவினார்கள் என்பது டீக்கடை வரலாறு. 1877-லேயே சென்னை மாகாணத்துக் கடப்பையில் வெள்ளைக்காரன் விறகுக்காக விதைத்தாகிவிட்டது.

அப்பா அலட்டிக்கொள்ள மாட்டார். கரிமூட்டம் போடுகிறவர்களுக்குச் சொல்லி அனுப்புவார். கவைக்கம்பால் முள்ளை ஒதுக்கி, அரிவாளால் கிளை கழித்து, கோடாரியால் மரத்தைச் சாய்ப்பார்கள். அதோடு விடாமல் கடப்பாரையோடு பள்ளத்தில் இறங்குவார்கள்.

"மரந்தான் விழுந்துருச்சே, இன்னும் எதுக்குத் தோண்டுறீங்க?"

"தூர்லதான் தம்பி கரி கனமா நிக்கும்."

பத்து நாளில் நிலம் மொட்டை. போகும்போது அப்பா கையில் பணமும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த வருஷப் பள்ளிக்கூடச் சட்டை எனக்கு அதில்தான் வந்தது.

ஓய்வுபெற்று ஊர் திரும்பிய நான், படித்தவன் இல்லையா, கருவியிலிருந்து தொடங்கினேன். முதலில் பிரஷ் கட்டர், 52 சிசி. "சின்ன மரமெல்லாம் சீவித் தள்ளிரும் சார்" என்றார் கடைக்காரர். விரல் தடிமனைச் சீவியது. மணிக்கட்டுத் தடிமனைக் கண்டதும் நடுங்கியது. சத்தத்தில் கொக்குகள் பறந்தன, மரம் அசையவில்லை.

அடுத்து பெட்ரோல் ரம்பம். தரையோடு தரையாக, வெண்ணெய் மாதிரி அறுத்தது. ஐப்பசி மழை வந்ததும், ஒரு மரம் நின்ற இடத்தில் ஏழெட்டுக் கிளைகள் துளிர்த்தன. இந்த மரத்தின் துளிர்க்கும் உயிர் மண்ணுக்குச் சற்றுக் கீழே, தூரில் இருக்கிறதாம். நான் செலவழித்துச் செய்தது கவாத்து.

கடைசியாக ஜேசிபி. மணிக்கு ஆயிரத்துச் சொச்சம். பாட்டுக் கேட்டபடியே தூரைப் பல் பிடுங்குவதுபோல் பிடுங்கிப் போட்டான் பையன். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொன்னதும், அதே ஆண்டில் அதற்கு இடைக்காலத் தடை வந்ததும் நினைவுக்கு வந்தன. என் நிலத்தில் தடை ஏதுமில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அடுத்த மழைக்கு நிலம் பச்சைப் பாய் விரித்தது. நெத்துத் தின்ற ஆடுகள் வருஷக்கணக்காய்ப் புழுக்கையோடு போட்டுவைத்த விதைகளை ஜேசிபியின் வாளி கிளறி மேலே கொண்டுவந்திருந்தது. விதைப்புக் கூலியும் நான்தான் கொடுத்திருக்கிறேன்.

அப்பா காலத்துக் கரிமூட்டக்காரர் ஒருவரின் மகன் ஒருநாள் வந்தார். வரப்போரம் குவிந்திருந்த தூர்களைப் பார்த்தார்.

"நம்மகிட்டச் சொல்லியிருந்தா சும்மாவே தோண்டியிருப்போமேண்ணே."

"இந்தக் கன்னுகளை என்ன பண்றது? எந்த மிஷின் சரியா வரும்?"

குனிந்து ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். வேரோடு வந்தது. "ஈரம் காயிறதுக்குள்ள புடுங்குனா ரெண்டு வெரலு போதும்ண்ணே."

நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் காலையிலேயே டவுனுக்குக் கிளம்பினேன், நல்ல கையுறையாகப் பார்த்து வாங்க. நான் திரும்பி வருவதற்குள் மண் காய்ந்துவிட்டது.