மூன்று மைலுக்குள் செங்கல் கூடாது!

1580 ஜூலையில் முதலாம் எலிசபெத் மகாராணிக்கு லண்டன் ஜனக்கூட்டம் பொறுக்கவில்லை. பிளேக் வரும், விலைவாசி ஏறும் என்று காரணம் சொல்லி ஓர் ஆணை போட்டார். நகர வாயில்களிலிருந்து மூன்று மைலுக்குள் புது வீடு எழும்பக் கூடாது; ஒரு வீட்டில் ஒரு குடும்பத்துக்கு மேல் தங்கக் கூடாது. ஆணை பிறந்த இடம் நன்சச் அரண்மனை. அதைக் கட்டத்தான் அம்மணியின் தகப்பனார் எட்டாம் ஹென்றி, கடிங்டன் என்ற ஊரையே தேவாலயத்தோடு இடித்துத் தரைமட்டமாக்கினார். அதற்குக் கட்டட அனுமதி வாங்கினீர்களா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் அவரவர் கழுத்தின் மேல் பிரியம்.

1589-ல் இன்னொரு சட்டம். குடிசை கட்ட வேண்டுமா, நாலு ஏக்கர் நிலம் காட்டு! நாலு ஏக்கர் வைத்திருப்பவன் குடிசையிலா குந்தியிருப்பான்?

ஜனங்கள் இருக்கிற வீட்டையே தடுப்பு வைத்துப் பிரித்துக்கொண்டு உள்ளே நெருக்கியடித்தார்கள். அடுத்து வந்த ஸ்டூவர்ட் ராஜாக்கள் கெட்டிக்காரர்கள். தடையை நீக்குவதைவிடத் தடையை விற்பது லாபம் என்று கண்டுகொண்டார்கள். 1631-ல் பெட்ஃபோர்டு பிரபு 2,000 பவுண்டு கட்டினார். காவென்ட் கார்டனில் ஜம்மென்று மாளிகைகள் எழுந்தன. 2,000 பவுண்டைக் கண்டால் பிளேக்கே ஒதுங்கிப் போய்விடும் போலிருக்கிறது. 1649-ல் ஸ்டூவர்ட் ராஜா முதலாம் சார்லஸின் தலையை வெட்டினார்கள். அபராதத்தை வெட்ட மட்டும் மனம் வரவில்லை. 1620-க்குப் பிறகு லண்டனைச் சுற்றி நாலு ஏக்கர் இல்லாமல் முளைத்த வீடுகளுக்கெல்லாம் ஒரு வருட வாடகையைக் கட்டு என்று 1657-ல், ராஜாவுக்குப் பின் வந்த கிராம்வெல் ஆட்சி கையை நீட்டியது.

ஏறக்குறைய முந்நூறு வருடம் தாண்டினால், எல்லாம் தலைகீழ். கட்டாதே என்ற சர்க்கார் இப்போது கட்டியே தீருவேன் என்றது. மக்கள் வேண்டாம் என்றார்கள். 1946-ல் அமைச்சர் லூயிஸ் சில்கின், சின்ன ஊரான ஸ்டீவனேஜைப் பெரிய புது நகரமாக்கப் போவதாகச் சொல்ல நேரிலேயே போனார். கூட்டம் முடிந்து வெளியே வந்தால் கார் டயரில் காற்று இல்லை. பெட்ரோல் டாங்கில் மணல். பிறகு யாரோ ரயில் நிலையப் பெயர்ப்பலகையையே மாற்றி 'சில்கின்கிராட்' என்று மாட்டிவிட்டார்கள். ஸ்டாலினுக்கு அடுத்து நம் சில்கினுக்குத்தான் அந்தப் பாக்கியம். சில்கின் அசரவில்லை. மறுவருடமே, நிலம் உன்னுடையதாக இருக்கலாம், அதில் கட்டும் உரிமை சர்க்காருடையது என்று சட்டம் கொண்டுவந்தார். இங்கிலாந்து இன்னும் அந்தக் கொள்கையின்படிதான் மனு எழுதிக்கொண்டிருக்கிறது.

இப்போது இந்த ஆட்டம் டிசம்பர் தோறும் நடக்கிறது. 2023 டிசம்பரில் வீட்டுவசதி அமைச்சர் மைக்கேல் கோவ், உள்ளூராட்சிகளின் வீட்டு இலக்குகள் வெறும் வழிகாட்டி என்றார். 2024 டிசம்பரில் அடுத்த ஆட்சியின் அமைச்சர் ஏஞ்சலா ரெய்னர், இல்லை, கட்டாயம் என்றார். இந்தப் பார்லிமென்ட் முடிவதற்குள் 15 லட்சம் வீடு வேண்டுமாம். நகரைச் சுற்றிக் கட்டாமல் ஒதுக்கிவைத்த பசுமை வளையத்துக்குள், ஏற்கெனவே கட்டடம் கண்ட இடங்களுக்கும் வளையத்தின் நோக்கத்துக்குப் பெரிதாக உதவாத இடங்களுக்கும் சாம்பல் வளையம் என்று பெயர் சூட்டினார்கள். பழைய பெட்ரோல் பங்குக்கும் யோகம் வந்தது. 2025 டிசம்பரில் கட்டட அனுமதி விதிகளுக்கு இன்னொரு வரைவு. ரயில் நிலையங்களை ஒட்டி வீடு கட்ட வந்தால் முதல் பதிலே 'சரி'யாக இருக்க வேண்டும் என்றது.

ஸ்டேஷன் மாஸ்டர்கள் பெயர்ப்பலகைகளைக் கொஞ்சம் கவனித்துக்கொள்வது நல்லது.