‘யார் சார் இதப் போட்டது?’: முன்னவனை மறுத்தல் குறித்து ஓர் ஆராய்ச்சி

குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்ட பிளம்பர் வீட்டுக்குள் வந்ததும் முதலில் என்ன செய்கிறார்? பையைத் திறப்பதில்லை. கேட்வால்வு எங்கே என்று கேட்பதில்லை. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக் குழாயைச் சற்று நேரம் பார்க்கிறார். பிறகு அதிலிருந்து கண்ணை எடுக்காமலே, “யார் சார் இதப் போட்டது?” என்கிறார். வேலை அங்கேதான் தொடங்குகிறது. ஸ்பேனர் வெளியே வருவது அதற்கு அப்புறம்.

இந்த நான்கு சொற்களுக்கு ஓர் உரை எழுதும் முயற்சியே இக்கட்டுரை. ஆய்வுக்களம், மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய மாடிக் குடித்தனம். ஆய்வுக்காலம் 11 ஆண்டுகள். நிதியுதவி, என் சம்பளம். தரவு சேகரித்த முறை, வேலை நடக்கும் இடத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்றல். (‘அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன் சார்’ என்பதன் காலக்கணக்கு இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது. அதை வானியலார்தான் பார்க்க வேண்டும்.)

முதலில் பாடபேதங்கள். எலெக்ட்ரீஷியன் சுவிட்ச் போர்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்து “ஐயையோ” என்று ஒரு முன்னொட்டுச் சேர்த்துக்கொண்டுதான் கேட்பார். கொத்தனார் கரணைக் காம்பால் சுவரைத் தட்டி, “கேக்குதா? உள்ள ஒண்ணுமே இல்ல” என்று நம்மையும் சாட்சியாக்குவார். தச்சர் பேசவே மாட்டார். கதவை ஒருமுறை திறந்து மூடிவிட்டு “ப்ச்” என்பார். அந்த ஒற்றை ஒலிக்குறிப்பில் மூன்று தலைமுறைத் தச்சர்கள் அடிபட்டுப் போவார்கள். ஏசி மெக்கானிக் மட்டும் விதிவிலக்கு. அவர் ஆளைத் திட்டுவதில்லை, கேஸைத் திட்டுவார்.

இது எவ்வகை வினா? நன்னூல் செய்த பவணந்தி முனிவர் வினாவை ஆறாகப் பிரித்திருக்கிறார். விடை தெரிந்த ஆசிரியர் மாணவனைக் கேட்பது அறிவினா. தெரியாத மாணவன் ஆசிரியரைக் கேட்பது அறியா வினா. கயிறோ பாம்போ என்பது ஐய வினா. அரிசி இருக்கிறதா என்று கடையில் கேட்பது கொளல் வினா. போட்டுக்கொள்ளச் சட்டை இல்லையா என்று கொடுக்கும் எண்ணத்தோடு கேட்பது கொடை வினா. ‘படித்துவிட்டாயா’ என்று கேட்டு உட்கார வைப்பது ஏவல் வினா. எட்டாம் வகுப்பில் இதை மனப்பாடம் செய்தபோது வாழ்க்கையில் எங்கே உதவப்போகிறது என்று நினைத்தேன். வாஷ்பேசினுக்கு அடியில் உதவியது.

பிளம்பரின் கேள்வி அறியா வினா அன்று. ஒருமுறை நான் அப்பாவியாக, “முன்னாடி தெருக்கோடியில இருந்து ஒருத்தர் வருவார், குள்ளமா, மீசை வச்சிருப்பார்...” என்று ஆரம்பித்தேன். பாதியில் அவர் சுத்தியலை எடுத்துத் தட்ட ஆரம்பித்துவிட்டார். விடை அவருக்குத் தேவைப்படவில்லை. ஐய வினாவும் இல்லை, அந்த முகத்தில் ஐயத்தின் சாயலே கிடையாது. கொடை வினா என்பது இந்தத் தொழிலில் கேள்விப்படாதது. கேட்டதும் ஓடிப்போய் ஸ்டூல் எடுத்து வருகிறேன் என்பதால் ஏவல் வினாவோ என்று சில காலம் மயங்கியிருந்தேன். கடைசியில் தெளிந்தேன். இது கொளல் வினா. ஆதாரம்: இந்தக் கேள்விக்கும் கூலித் தொகைக்கும் நடுவே மூன்று வாக்கியத்துக்கு மேல் நான் கேட்டதில்லை. அரிசி இருக்கிறதா என்பவர் அரிசி வாங்க வந்தவர். யார் போட்டது என்பவரும் வாங்க வந்தவரே.

இதைப் பிளம்பர்களின் குணக்கேடு என்று எண்ணுவது தவறு. இது நம் புலமை மரபு. நூலாசிரியன் கொள்ளத்தக்க கொள்கைகள் ஏழு என்று சொன்ன அதே நன்னூல், பிறர் நூலில் குற்றம் காட்டுவதையும் அவற்றுள் ஒன்றாக வைத்திருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் திருவாரூர் வைத்தியநாத தேசிகர் இலக்கண விளக்கம் என்ற பெருநூலைச் செய்தார். குட்டித் தொல்காப்பியம் என்று பெயரெடுத்த நூல். அடுத்த நூற்றாண்டில் சிவஞான முனிவர் வந்தார். கழுத்தைச் சாய்த்துப் பார்த்திருப்பார் போலும். அவர் எழுதிய மறுப்பின் பெயரே ‘இலக்கண விளக்கச் சூறாவளி’. அதே முனிவர், நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் எழுதிய உரையை வீசி எறியவில்லை. அதைத் திருத்திப் புதுக்கித் தந்தார். தொழில்மொழியில் சொன்னால், முதலாவது ‘மொத்தமா எடுத்துட்டுப் புதுசா போடணும் சார்’. இரண்டாவது ‘இருக்கறத வச்சே சரி பண்ணிடலாம் சார்’. இரண்டு எஸ்டிமேட்டும் ஒரே ஆளிடமிருந்து வரும் என்பதற்கு இலக்கிய வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

மறுப்பின் உள்ளடக்கத்துக்கு வருவோம். வெறும் வசை என்று ஒதுக்க முடியாது, பெரும்பாலும் அதில் சரக்கு உண்டு. இரும்புக் குழாய்க் காலத்தில் மரையில் சணல் நாரைச் சுற்றி வெள்ளை லெட்டைப் பூசி முறுக்குவார்கள். இப்போது டெஃப்லான் டேப். 1938-இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்பவர் குளிர்பதன வாயு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, சிலிண்டருக்குள் தற்செயலாக வெள்ளைப் பொடியாய்ச் சிக்கிய பொருள் அது. இன்று நம் ஹார்ட்வேர்ஸ் கடைகளில் பெப்பர்மிண்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைச் சுற்ற ஒரு திசை உண்டு. மரையின் வாய் நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள் போகும் பக்கமாகச் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் முறுக்கும்போது டேப் பிரிந்து, சுருண்டு, வெளியே தள்ளிக்கொண்டு வரும். எங்கள் வீட்டுக் குழாயில் அதுதான் நடந்திருந்தது. தமிழில் குழாயும் டேப், அதில் சுற்றும் நாடாவும் டேப் என்பதால் தீர்ப்பு இப்படி வந்தது: “டேப்புல டேப்ப உல்டாவா சுத்தியிருக்கான் சார்.” ‘சுத்தியிருக்கான்’ என்பதைக் கவனிக்க வேண்டும். கண்ணெதிரே இருப்பவருக்குத்தான் மரியாதைப் பன்மை. முன்னவன் எப்போதும் ஒருமை.

இடையில் இன்னொன்று. அவர் ‘அரை இஞ்ச்’ என்று சொல்லும் இரும்புக் குழாயை நான் ஸ்கேலால் அளந்து பார்த்தேன். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். அந்தக் குழாயின் வெளி விட்டம் ஏறக்குறைய 21, உள்விட்டம் ஏறக்குறைய 16. அரை அங்குலம் அதில் எங்குமே இல்லை. ஆக, அரை இஞ்ச் என்பது காரணப்பெயர் அன்று, இடுகுறிப்பெயர். இதைச் சொன்னபோது, “சார், நீங்க கொஞ்சம் லைட்ட இந்தப் பக்கம் பிடிங்க” என்றார்.

ஏன் முன்னவனைத் திட்டியாக வேண்டும்? கர்வம் என்பது மேம்போக்கான விடை. அந்தப் பழைய வீட்டில் ஒருநாள் இதற்கான சான்று உடைந்து விழுந்தது. குளியலறைக் குழாயைக் கழற்ற முறுக்கியபோது, துருப்பிடித்திருந்த நிப்பிள் சுவருக்குள்ளேயே முறிந்துவிட்டது. பாதி அவர் கையில், பாதி எல்போவுக்குள். வாஷர் மாற்ற வந்தவர் டைல்ஸை உடைக்க வேண்டியதாயிற்று. என் மனைவி, “நல்லா இருந்த பைப்ப உடைச்சிட்டாரே” என்றாள். நல்லா இருந்த பைப்! அன்றுதான் புரிந்தது. பிளம்பிங்கில் முக்கால் பங்கு சுவருக்குள் இருக்கிறது. உள்ளே என்ன நிலவரம் என்று தெரியாமல் கை வைப்பவர், தொடுவதற்கு முன்பே குற்றத்தை முன்னவன் பெயரில் பதிவுசெய்து வைக்கிறார். ‘யார் சார் இதப் போட்டது’ என்பது ஒரு முன்ஜாமீன் மனு. ஸ்பேனர் படுமுன் வாங்கினால்தான் செல்லும்.

அதோடு, வாசலிலேயே அந்த மனுவுக்கு ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுப்பது யார்? நாம்தான். “போன தடவை வந்தவர் சரியில்லைங்க, அதான் உங்களைக் கூப்பிட்டேன்” என்று வரவேற்கிறோம். நாளை இதே வாசலில் தன்னைப் பற்றியும் இதே சொல் சொல்லப்படும் என்று அவருக்குத் தெரியாதா? தவிர, “டேப்ப நீங்களே வாங்கி வச்சிருங்க” என்பதை நம்பிக் கடைக்குப் போய், பித்தளையின் விலையைக் கேட்டு அதிர்ந்து பிளாஸ்டிக்கை எடுத்து வருபவர்களும் நாமே. அப்போது கேள்வி ஒரு சொல் மட்டும் மாறும்: “யார் சார் இத வாங்கினது?” எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் உண்மையான அறிவினா.

இந்தக் கோட்பாட்டுக்கு ஏற்பட்ட பெரிய சோதனையை மறைப்பது ஆய்வு நேர்மை ஆகாது. மூன்று வருஷத்துக்கு முன் சமையலறை சிங்க் குழாயைப் பொருத்தியவரே மறுபடி வந்தார். கழுத்தைச் சாய்த்தார். பார்த்தார். கேட்டார். நான் டார்ச்சை அணைக்காமல் மௌனமாக இருந்தேன். மனைவி இருக்கவில்லை. “நீங்கதானே போட்டீங்க?” என்றாள். என் 11 ஆண்டு ஆய்வு அந்த நொடியில் தொங்கியது. அவர் சிறிதும் கலங்கவில்லை. இன்னொரு முறை குழாயைப் பார்த்துவிட்டு, “அப்பவே சொன்னேனே மேடம், இது டெம்பரவரின்னு” என்றார். நன்னூல் காட்டும் பத்துக் குற்றங்களில் மாறுகொளக் கூறல் இதற்குப் பொருந்தும் என்று முதலில் குறித்துவைத்தேன். பிறகு அடித்துவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முந்தைய அவர் முன்னவர்தானே?

பாரம் தூக்குவோர் மரபு இதற்கு நேர்மாறு. அதைச் சேர்க்காமல் விட்டிருந்தால் ஆய்வு ஒருபக்கமாக இருந்திருக்கும். போன தையில் மாம்பலத்திலிருந்து குரோம்பேட்டைக்கு வீடு மாற்றினோம். மார்கழியில் யாரும் குடிபோவதில்லை. தை பிறந்ததும் சென்னையில் பாதிப்பேர் ஒரே முகூர்த்த நாளில் பாலைக் காய்ச்சக் கிளம்பிவிடுகிறார்கள். அன்றைய குட்டியானை வாடகை அசல் யானைக்குக் கிட்டத்தில் இருந்தது. 2005-இல் சந்தைக்கு வந்த டாட்டா ஏஸுக்கு ஜனங்கள் வைத்த பெயர் அது. வடிவுக்காக வைத்தது என்று நினைத்திருந்தேன்.

நான்கு பேர் வந்தார்கள். எல்லாம் நல்லபடி இறங்கியது. பீரோவுக்கு முன்னால் வந்ததும் நின்றார்கள். அவர்களில் மூத்தவர் பீரோவைப் பார்த்தார், மாடிப்படி வளைவைப் பார்த்தார், மறுபடி பீரோவைப் பார்த்தார். பிறகு கோயில் கோபுரத்தடியில் நிற்பவரின் குரலில், “இத எப்படி சார் மேல ஏத்துனாங்க?” என்றார். வசை இல்லை. வியப்பு. 11 வருஷத்துக்கு முன் அதை ஏற்றியவர்கள் அவருக்கு ஒரு வீரயுகத்து ஆட்கள். “அப்ப ஆளுங்க அப்படி சார்” என்று தன் ஆட்களைப் பார்த்து வேறு சொன்னார். தமிழகத்தில் முன்னவன் புகழப்படும் ஒரே தொழில் இதுவே என்று அங்கேயே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

எழுதி முடிப்பதற்குள் விஷயம் வெளியாயிற்று. பீரோ ஏறிய காலத்தில் படிவளைவில் கிரில் கேட் கிடையாது. வீட்டுக்காரர் பிற்பாடு போட்டது. கேட்டைக் கீலோடு கழற்றி, பீரோவின் கதவுகளையும் கழற்றி, 800 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டு இறக்கினார்கள். கேட்டைக் கழற்றும்போது அதே மூத்தவர், வெல்டிங்கைத் தடவிப் பார்த்து, “யார் சார் இந்த கேட்டப் போட்டது?” என்றார். நோட்டில் எழுதியதை அடித்தேன். வியப்பும் கொளல் வினாதான், குரல் மட்டும் வேறு.

காலி செய்வதற்கு முதல் நாள் இரவு நடந்ததையும் பதிவுசெய்ய வேண்டும். வாஷ்பேசின் குழாய் சொட்ட ஆரம்பித்தது. அட்வான்ஸில் பிடித்துவிடுவாரோ என்ற பயம். பிளம்பர் அஞ்சு நிமிஷத்தில் வந்துகொண்டிருந்தார், மாலை ஐந்து மணியிலிருந்து. கடைக்குப் போய் ஒரு டெஃப்லான் டேப் வாங்கி வந்து நானே இறங்கினேன். எனக்கு டார்ச் பிடிக்க ஆள் இல்லை. மனைவி பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குழாயைக் கழற்றி, பழைய டேப்பைப் பிய்த்து எறிந்து, புதியதை இருபது சுற்றுக்குக் குறையாமல் சுற்றி முறுக்கினேன். சொட்டு நின்றது. தொடங்குமுன் கழுத்தைச் சாய்த்துச் சற்று நேரம் பார்த்தேன் என்பதையும், வாயில் டார்ச் இருந்ததால் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அட்வான்ஸ் முழுதாக வந்தது. மூன்று வாரம் கழித்து, குரோம்பேட்டையில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு நிற்கையில் பழைய வீட்டுக்காரர் போன் செய்தார். புதிதாகக் குடிவந்தவர்கள் கூப்பிட்ட பிளம்பர் பக்கத்தில் நிற்கிறார் போலிருக்கிறது. “உல்டாவா சுத்தியிருக்கான் சார், இவ்ளோ டேப்பு யாராவது சுத்துவாங்களா?” என்ற குரல் தெளிவாகக் கேட்டது. ஒருமையில்.

“தம்பி, வாஷ்பேசின் குழாய யாருப்பா போட்டது?” என்றார் வீட்டுக்காரர்.

“தெரியலை சார். நாங்க வர்றப்பவே அப்படித்தான் இருந்துச்சு” என்றேன்.