அட்வான்ஸ் சித்தப்பா

காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், பெண்ணைப் பெற்றவருக்கு அடுத்தபடியாகத் தூக்கம் கெடுகிறவர் ஒருவர் உண்டு. அவர் பெண்ணின் சித்தப்பா. கூடப்பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்றுவிட்டவராக இருக்கலாம், எதிர் ஃப்ளாட்டுக்காரராக இருக்கலாம், பெண்ணின் அப்பாவோடு மறைமலைநகரில் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவராகவும் இருக்கலாம். சட்டைப் பையில் ஒரு குட்டி டைரியும், வாயில் "எதுக்கும் நான் ஒரு தடவை பேசிடுறேனே" என்ற வாக்கியமும் இருந்தால் போதும். அட்வான்ஸ் கொடுக்கும் பொறுப்பு தானாக அவரிடம் வந்து சேரும்.

பெருங்களத்தூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வரை ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் உள்ள மண்டபங்கள் அவருக்கு மனப்பாடம். எதில் கரன்டுக்கு மீட்டர் பார்த்துத் தனியாக வாங்குவார்கள், எதில் ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கு, எதில் அலங்காரத்துக்கு வெளியாளை உள்ளே விடமாட்டார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சமையல்காரரோ நாதஸ்வரக் கோஷ்டியோ இதுவரை அவரை ஏமாற்றியதில்லை. அப்படிப்பட்டவருக்கு வந்த புதுச் சோதனைதான் போட்டோ பூத்.

"ரிசப்ஷனுக்கு பூத் வேணும் சித்தப்பா."

"போட்டோகிராபர்தான் சொல்லியாச்சேம்மா. வீடியோ இருக்கு, ட்ரோன்கூட இருக்கு."

"அதெல்லாம் எங்களை எடுக்கறதுக்கு. இது வர்றவங்க தங்களையே எடுத்துக்கறதுக்கு."

சித்தப்பா ஒரு நிமிடம் பேசவில்லை. வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடுகிறோம், தாம்பூலப் பை கொடுக்கிறோம், இனிமேல் அவர்கள் முகத்தையும் அச்சடித்து அவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டுமா? ஆனாலும் பெண் கேட்டுவிட்டாள். "எதுக்கும் நான் ஒரு தடவை பேசிடுறேனே."

ஆளுக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் இது. 1985இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய எஸ்.ஆர்.எம். இன்று பல்கலைக்கழகமாகிப் பொத்தேரியையே விழுங்கியிருக்கிறது. மிலன், ஆரூஷ் என்று அங்கே ஆண்டுதோறும் விழா. மேடை, ஒலிபெருக்கி, எல்.இ.டி. திரை வாடகைக்கு விடுகிறவர்களோடு பூத் பையன்களும் இங்கே பிழைக்க முடிகிறது. அப்படி ஒரு பையன், படித்தது மெக்கானிக்கல், பொத்தேரி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் சித்தப்பாவிடம் சிக்கினான்.

"நாலு மணி நேரத்துக்குப் பதினஞ்சாயிரம் அங்கிள். அன்லிமிடெட் பிரின்ட்."

"மணி எப்பலேர்ந்து ஓடும்?"

"நாங்க வந்து செட் பண்ணதுலேர்ந்து."

டைரி திறந்தது. பத்திரிகையில் ஆறரை என்று போட்டிருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போகிற சென்னை முழுக்க ஜி.எஸ்.டி. ரோட்டில்தான் நிற்கும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வேறு திறந்தாயிற்று. தாம்பரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர் ஏழே முக்காலுக்கு முன்னால் மண்டபத்தைப் பார்க்க மாட்டார். மின்சார ரயிலில் வந்தவரோ ஒன்பது அடித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஆகமொத்தம் பூத்துக்கு உயிருள்ள நேரம் ஒன்றரை மணி, மிஞ்சிப்போனால் இரண்டு.

"நீ நாலு மணிக்கே வந்து மேஜை போடு தம்பி, வேணாங்கல. மீட்டர் ஏழரைக்குத்தான் ஓடணும். அப்புறம், அன்லிமிடெட்னா எத்தனை?"

"அன்லிமிடெட்னா... அன்லிமிடெட் அங்கிள்."

"மூணாவது பந்தியில சாம்பாரே முடிஞ்சு போகுது. எத்தனை ரோல் கொண்டு வருவே?"

கிண்டலாகத் தெரியும், ஆனால் இந்தத் தொழிலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். பூத்தில் இருக்கும் பிரின்டர் மை தெளிக்கிற சாதி அல்ல. மஞ்சள், மெஜந்தா, சயான் என்று மூன்று நிறச் சாயம் பூசிய ரிப்பனைச் சூடாக்கித் தாளில் ஏற்றி, கடைசியில் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு கொடுக்கும். அதனால்தான் படம் ஈரமில்லாமல் வெளியே வருகிறது, வந்த கையோடு குழந்தை வாயில் வைத்தாலும் கரைவதில்லை. ரிப்பனும் தாளும் ஜோடி போட்டு எண்ணி வருபவை. ஒரு ரோலுக்கு நானூறு படம் என்றால் நானூற்றோராவது விருந்தாளிக்குப் பல்லைக் காட்டுவதோடு சரி.

இன்னொன்று வேகம். விழாவுக்கென்றே செய்த கனமான பிரின்டர் பத்துப் பதினைந்து நொடியில் ஒரு படத்தைத் தள்ளும். வீட்டு உபயோகத்துக்கான குட்டி பிரின்டர் முக்கால் நிமிடம் எடுத்துக்கொள்ளும். காசு குறைவாகக் கேட்கிற பையன் சில சமயம் அந்தக் குட்டியைத்தான் துணி போட்டு மூடி வைத்திருப்பான். வரிசையில் முப்பது குடும்பம் நிற்கும்போது முக்கால் நிமிடம் என்பது என்ன என்று கை கழுவக் குழாயடியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சித்தப்பா கேட்டதற்காகப் பையன் அந்தக் குட்டி மெஷினில் ஒரு படம் அடித்துக் காட்டினான். தாள் வெளியே வந்தது, வெறும் மஞ்சளாக. சித்தப்பா எடுக்கப் போனார். "தொடாதீங்க அங்கிள்!" தாள் உள்ளே போய்விட்டது. மறுபடி வந்தது, சித்தப்பாவின் முகம் சிவந்திருந்தது. மறுபடி உள்ளே. நான்காவது தடவைதான் முழு சித்தப்பா வெளியே வந்தார்.

"முதல்ல மஞ்சள்தான் பூசுதா?"

"ஆமா அங்கிள்."

"நல்ல மெஷின்" என்றார். ஆனாலும் பெரியதைத்தான் கொண்டுவர வேண்டும் என்று டைரியில் எழுதிக்கொண்டார்.

சுற்றுகிற பூத்தும் இருக்கிறது என்று பையன் ஆசை காட்டினான். நடுவில் மேடைமேல் நாம் நிற்க, நீண்ட கம்பியின் நுனியில் போன் நம்மைச் சுற்றி வந்து வீடியோ எடுக்கும். சித்தப்பா கேட்ட இரண்டே கேள்வியில் அது அடிபட்டுப்போனது. பட்டுப்புடவைத் தலைப்பு மாட்டிக்கொண்டால்? கம்பி சுற்றும் பத்தடிக்குள் நம் வீட்டுப் பிள்ளைகள் ஓடாமல் யார் பிடித்துக்கொள்வது? பையனிடம் முதலாவதற்கு "பாத்துக்கலாம் அங்கிள்" என்ற பதில் இருந்தது. இரண்டாவதற்கு அதுவும் இல்லை.

கரன்டில் நாம் யாரும் சித்தப்பாவுக்கு ஈடாக மாட்டோம். கரன்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் அந்தப் பத்து நொடியில் விளக்கு மட்டுமா அணையும்? பாதி அடித்த படம் ரிப்பனோடு வீண், கம்ப்யூட்டர் முதலிலிருந்து எழும்ப வேண்டும். "யு.பி.எஸ். உன்னுதா, எங்களுதா?" என்றார். பையன் அவரை முதல் முறையாக மரியாதையோடு பார்த்தான். படத்தைப் போனுக்கு அனுப்புகிற வசதி பற்றியும் கேட்டார்: நாலு பக்கம் கான்கிரீட், நடுவில் ஐந்நூறு போன், சிக்னல் எங்கிருந்து வரும்? வைஃபை பெட்டியைப் பையனே கொண்டுவருவதாக முடிவானது.

அடுத்து டிசைன். பூத்தில் வரும் பட்டைப் படம் இரண்டு அங்குலம் அகலம், ஆறு அங்குலம் நீளம். அதற்குள் மூன்று படம், கீழே மணமக்கள் பெயர். சித்தப்பா கொடுத்த வாசகத்தில் மேலே குலதெய்வம் துணை, அதற்கடியில் இரண்டு பக்கத் தாத்தா பாட்டி ஆசியுடன், மணமக்கள் பட்டங்களோடு, முகூர்த்த நேரம், மண்டபம் வரும் வழி, "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று பதினான்கு பெயர்.

"போட்டோ எங்க அங்கிள் வைக்கிறது?"

"பின்பக்கம் அடிக்க முடியாதா?"

இப்படிப் பட்டையாகப் படம் கொடுக்கும் வழக்கம் நூறு வருஷப் பழசு, 1925இல் அனடோல் ஜோசப்போ என்ற ரஷ்யக் குடியேறி நியூயார்க் பிராட்வேயில் தானியங்கிக் கூண்டு ஒன்றைத் திறந்தார், 25 சென்ட் போட்டால் எட்டு நிமிடத்தில் எட்டுப் படம் வரும், இரண்டே வருஷத்தில் உரிமையைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார் என்று கூடவே உட்கார்ந்திருந்த நான் இடையில் புகுந்து சொன்னேன். பேச்சைத் திருப்பலாம் என்ற நப்பாசைதான். சித்தப்பா பையன் பக்கம் திரும்பினார்: "அந்தக் காலத்துலேயே எட்டு கொடுத்திருக்கான். நீ என்னப்பா மூணு?"

வரி பற்றிப் பேச்சு வந்தது. "ஜி.எஸ்.டி. தனி அங்கிள், 18 பர்சென்ட்." "ஜி.எஸ்.டி. ரோட்டுல மண்டபம் பிடிச்சதுக்கா? அதான் பரனூர்ல டோல் கட்டுறோமே!" சிரித்தது சித்தப்பா மட்டும். பிறகு அவரே இறங்கி வந்தார். வரி தருகிறேன், பில் கொடு, பில்லில் ரோல் எண்ணிக்கையையும் ஸ்பேர் பிரின்டரையும் எழுது என்றார். பில் கேட்பவர் வரி தர மாட்டார், வரி தருபவர் பில் கேட்க மாட்டார் என்று பழகியிருந்த பையனுக்கு இரண்டையும் செய்கிற ஒரு மனிதரைப் பார்த்ததில் டீ ஆறிப்போனது.

மேடைக்குப் பக்கத்தில் வைத்தால் பூத் அழகாக இருக்கும் என்று பையன் சொன்னதை மட்டும் சித்தப்பா ஒரே வெட்டாக வெட்டினார். "டைனிங் ஹால் எங்கேன்னு பாத்தியா?"

அனுபவஸ்தன் வாக்கு. மேடை ஓரம் ஏற்கெனவே கிஃப்ட் கொடுக்கிற வரிசை. இரண்டு வரிசை பின்னிக்கொண்டால் பூத் என்று நினைத்து நின்றவர் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்துவிட்டு இறங்குவார். வாசலில் வைத்தால், பசியோடு வருகிறவன் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சிரிக்க மாட்டான். ஆகவே சாப்பிட்டு வெளியே வரும் வழி, பீடா மேஜையைத் தாண்டி. என்ன, எல்லாப் படத்திலும் வாய் சிவந்திருக்கும், கையில் தேங்காய்ப் பை தொங்கும். இருக்கட்டும், வயிறு நிறைந்த முகம் போட்டோவில் தனி.

எழுந்திருக்கும்போது இரண்டு விஷயம் கேட்டார். "ஒவ்வொரு போட்டோவும் உன்கிட்ட ஒரு காப்பி இருக்குமா? அதுல டைம் விழுமா?" விழும் என்றான். "கையில பிடிக்கிற போர்டுல நான் சொல்றதும் ஒண்ணு எழுதிடு." அப்புறம்தான் ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கைமாறியது.

ரிசப்ஷன் அமோகமாக நடந்தது. கரன்ட் ஒரு தடவை போனது, பூத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவே இல்லை. எழுபது தாண்டிய பெரியப்பா ஒருவர் "அடுத்த கல்யாணம் எனக்குத்தான்" என்ற போர்டைப் படிக்காமலேயே உயர்த்திப் பிடிக்க, பக்கத்தில் பெரியம்மா படித்துவிட்டார். பட்டை மூன்று படத்திலும் அவர் முகபாவம் படிப்படியாக மாறுவதைக் குடும்பமே வாங்கி வாங்கிப் பார்த்தது.

கல்யாணம் முடிந்த மறுநாள் கூடத்தில் பாய் விரித்துச் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மொய் நோட்டு, மறுபக்கம் லேப்டாப்பில் பூத் பையனின் பென் டிரைவ். சித்தி மூன்றாவது காப்பி கொண்டுவந்து வைத்தார்.

"8.52. நாலு பேர், நாலு தாம்பூலப் பை. இவங்க யாரு? நோட்டுல காணோமே."

அந்த நேரம் பார்த்து ஊட்டியிலிருந்து பெண்ணின் போன். "சித்தப்பா, பூத் போட்டோவுல நாங்க எப்படி இருக்கோம்?"

"நீங்க நல்லா இருக்கீங்கம்மா. மாப்பிள்ளைகிட்ட போனைக் கொடு. நீலச் சட்டை, மீசை, 'மொய் வெச்சாச்சு' போர்டைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு தடவை சிரிக்கிறாரு ஒருத்தரு, அவரு யாருன்னு கேக்கணும்."